அமெரிக்காவைப் பார் என்கிறவர்களுக்கு

தேர்தல் நெருங்கினால் வத்தலக்குண்டு டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "அமெரிக்காவப் பாருங்கண்ணே, ரெண்டே ரெண்டு கட்சி. நம்ம ஊருலதான் தெருவுக்கு ஒரு கட்சி, சந்துக்கு ஒரு கொடி." சொல்கிறவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் பேச்சு இன்னும் நீளும். கட்சிகள் பெருத்ததால் வாக்கு சிதறுகிறது. வாக்கு சிதறுவதால் கூட்டணி. கூட்டணி என்றால் பேரம். பேரம் என்றால் ஊழல். ஆகவே சட்டம் போட்டாவது கட்சிகளை இரண்டாகக் குறைத்துவிட வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதும் இதேதான். 'நிலையான ஆட்சி', 'முதிர்ந்த ஜனநாயகம்' என்று இரண்டு சொற்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருபது முப்பது பெயர்களுக்கு நடுவே சின்னத்தைத் தேடி அலுத்துப்போனவருக்கு இந்தப் பேச்சு இனிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இதைச் சொல்கிறவர்கள் அமெரிக்கக் கட்சிகளையும் சரியாகப் பார்க்கவில்லை, தங்கள் சொந்தத் தொகுதியையும் சரியாகப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் நாம் பொறாமைப்பட ஏதாவது இருந்தால் அது கட்சிகளின் எண்ணிக்கையில் இல்லை. யார் வேட்பாளர் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் இங்கே கொண்டுவந்தால், இன்று நம் கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச உரிமையும் போய்விடும்.

முதலில் வரலாறு. அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இரண்டு கட்சி வேண்டும் என்று திட்டம் போட்டு எழுதியதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 'கட்சி' என்ற பேச்சே கிடையாது. முதல் அதிபர் வாஷிங்டன் 1796இல் பதவியை விட்டு விலகும்போது எழுதிய பிரியாவிடை மடலில், கட்சி உணர்ச்சி நாட்டைக் கெடுக்கும் என்றே எச்சரித்தார். அவர் கண்ணெதிரிலேயே அவர் அமைச்சர்களான ஹாமில்டன் ஒரு பக்கமும் ஜெபர்சன் ஒரு பக்கமும் அணி சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அப்படி ஹாமில்டன் பக்கம் உருவான கூட்டாட்சிக் கட்சி முப்பது வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1824இல் அதிபர் தேர்தலில் நின்ற நான்கு பேரும் ஒரே கட்சிக்காரர்கள்! அதற்குப் பிறகு ஜாக்சனின் ஜனநாயகக் கட்சியும் அதை எதிர்த்து விக் கட்சியும் வந்தன. அடிமை முறை பற்றிய சண்டையில் விக் கட்சி இருந்த இடம் தெரியாமல் போனது. 1854இல் புதிதாக முளைத்ததுதான் குடியரசுக் கட்சி. ஆறே வருடத்தில், 1860இல், நான்கு முனைப் போட்டியில் ஏறக்குறைய 40 விழுக்காடு வாக்கு வாங்கி ஆப்ரகாம் லிங்கன் அதிபரானார். அன்றைக்கு யாராவது 'இரண்டு கட்சி போதும், மூன்றாவதற்குப் போட்டு வாக்கை வீணாக்காதே' என்று சொல்லி மக்களும் கேட்டிருந்தால் லிங்கன் என்ற பெயரை நம் பாடப்புத்தகத்தில் நாம் படித்திருக்க மாட்டோம்.

அதே 1860 தேர்தலில் தென்பகுதியின் பத்து மாநிலங்களில் லிங்கன் பெயர் போட்ட வாக்குச்சீட்டே கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சடிப்பதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்து ஆட்களிடம் கொடுக்கும். வாக்காளர் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவார். 1888இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தொடங்கி அரசே சீட்டை அச்சடிக்கும் முறை பரவியது. ரகசிய வாக்குக்கு அது நல்லதுதான். ஆனால் அச்சடிக்கும் பொறுப்பு அரசின் கைக்குப் போனதும், சீட்டில் யார் பெயர் ஏறலாம் என்று விதி போடும் அதிகாரமும் கூடவே போனது. அந்த விதிகளைப் போட்ட மாநிலச் சட்டமன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? இந்த இரண்டு கட்சிக்காரர்களேதான். இன்றைக்கும் கலிபோர்னியாவில் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களின் கையெழுத்தைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிந்தால் போதும். டெபாசிட் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

ஆகவே அங்கே இரண்டு கட்சி நிலைத்ததற்கு மக்களின் முதிர்ச்சி காரணம் என்பது பாதி உண்மைகூட இல்லை. அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற தேர்தல் முறை ஒரு காரணம். அது நமக்கும் உண்டு. அதற்கு மேல் அதிபர் என்ற ஒற்றை நாற்காலி, அதை அடைய மாநிலவாரியாக வெல்லும் தேர்வாளர் வாக்கு 270 வேண்டும் என்ற கணக்கு, வாக்குச்சீட்டைச் சுற்றி எழுப்பிய வேலி எல்லாம் சேர்ந்துதான் மூன்றாமவரை வெளியே நிறுத்துகின்றன. 1992இல் ராஸ் பெரோ என்ற பணக்காரர் தனியாக நின்று ஒரு கோடியே 97 லட்சம் வாக்கு வாங்கினார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தேர்வாளர் வாக்கு? பூஜ்யம். இதைப் பார்த்து அமெரிக்கர்கள் பெருமைப்படுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2023இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் மூன்றாவது பெரிய கட்சி ஒன்று தேவை என்றார்கள். மெய்ன் மாநிலம் 2018 முதல் பல தேர்தல்களில் வரிசைப்படி விருப்பம் குறிக்கும் வாக்குமுறைக்கே மாறிவிட்டது. அவர்கள் கழற்றப் பார்க்கிற செருப்பை நாம் அளவு பார்க்காமல் வாங்கத் துடிக்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். வத்தலக்குண்டு நிலக்கோட்டை சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது; நிலக்கோட்டை திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 'இரண்டு கட்சி போதும்' என்று பேச இந்தியாவிலேயே யோக்கியதை குறைந்த தொகுதி எது என்று கேட்டால் நான் திண்டுக்கல்லைத்தான் சொல்வேன்.

1972இல் தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களிடம் கணக்குக் கேட்டார்; வெளியேற்றப்பட்டார். அக்டோபர் 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. ஏழே மாதத்தில், திண்டுக்கல் எம்.பி. ராஜாங்கம் இறந்ததால் வந்த இடைத்தேர்தலில், மாயத்தேவர் என்ற வழக்கறிஞரை அந்தக் கட்சி நிறுத்தியது. அங்கீகாரம் இல்லாத கட்சி. சொந்தச் சின்னம் இல்லை. சுயேச்சைகளுக்கான பட்டியலிலிருந்து எடுத்த சின்னம்தான் இரட்டை இலை. ஆண்டுகொண்டிருந்தது தி.மு.க.; எதிரே காமராஜரின் பழைய காங்கிரஸ். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, போதாதா என்று திண்டுக்கல் மக்கள் கேட்கவில்லை. 1973 மே 20 அன்று நடந்த வாக்குப்பதிவில் மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாம் இடம். ஆளுங்கட்சி மூன்றாம் இடம்.

இன்று 'இரண்டு கட்சி' என்று விரல் மடக்குகிறவர்கள் மடக்கும் இரண்டாவது விரலே இந்த வட்டாரத்து மக்கள் போட்ட மூன்றாவது கட்சி வாக்கில் முளைத்ததுதான். முதல் விரலும் அப்படித்தான். 1949இல் தொடங்கி, 1957இல் முதன்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்ற தி.மு.க.வைப் பார்த்துக் காங்கிரஸ்காரர்கள் சிரித்தார்கள். பத்து வருடம் கழித்து 1967இல் அதே கட்சி 137 இடங்களைப் பிடித்தது. வாக்கு விழுக்காட்டில் காங்கிரஸ் ஒரு நூலிழை முன்னால் இருந்தும் ஆட்சியை இழந்தது. எப்படி? ராஜாஜியின் சுதந்திரா முதல் மார்க்சிஸ்டுகள் வரை தி.மு.க. பிடித்துவைத்த கூட்டணியால். கூட்டணியைக் கேவலம் என்று பேசும் கழகத்தவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலக்கோட்டையின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நல்லது. 1989 தமிழகத் தேர்தல் நினைவிருக்கும். அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்து நின்றது, தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. மூப்பனார் தலைமையில் தனித்து நின்ற காங்கிரசுக்குக் கிடைத்தது 26 இடம். அந்த இருபத்தாறில் ஒன்று நிலக்கோட்டை, வென்றவர் ஏ.எஸ். பொன்னம்மாள். 1991இலும் அவர்தான், காங்கிரஸ். 1996இல் மீண்டும் அவரே; ஆனால் இந்த முறை தேர்தலுக்குச் சற்று முன்புதான் பிறந்திருந்த தமிழ் மாநில காங்கிரஸ். 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் புதிய தமிழகம் இரண்டே இடத்தில் நின்று இரண்டிலும் வென்றது: ஒன்று ஒட்டப்பிடாரம், இன்னொன்று நிலக்கோட்டை. 2021இல் தி.மு.க. அணியில் இங்கே நின்றவர் மக்கள் விடுதலைக் கட்சிக்காரர், உதயசூரியன் சின்னத்தில். 2024 மக்களவைத் தேர்தலோ அதைவிட வேடிக்கை. அ.தி.மு.க.வுக்குப் பிள்ளையார்சுழி போட்ட திண்டுக்கல்லில் இரண்டு பெரிய கழகங்களும் தம் சொந்த ஆளை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம். இன்னொரு பக்கம் இரட்டை இலையில் எஸ்.டி.பி.ஐ. தலைவர், பா.ஜ.க. அணியில் பா.ம.க.வின் திலகபாமா. மார்க்சிஸ்ட் நாலு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றது. இத்தனைக்குப் பிறகும் 'தமிழ்நாட்டில் இருப்பது இரண்டு கட்சிதானே' என்று ஒருவர் சொன்னால், அவர் சுவரில் வரைந்த சின்னங்களை மட்டும் எண்ணுகிறார் என்று அர்த்தம்.

'அதெல்லாம் சில்லறைக் கட்சிகள். கடைசியில் இரண்டு அணிதானே' என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன். நாம் அணி என்று சொல்வதைத்தான் அமெரிக்காவில் கட்சி என்கிறார்கள். 1932இல் ரூஸ்வெல்ட்டை ஜெயிக்கவைத்த ஜனநாயகக் கட்சிக்குள், அவர் ஆட்சி நகர நகர, யார் யார் சேர்ந்தார்கள்? வடக்கே ஆலைத் தொழிலாளர்கள், நகரங்களில் குடியேறிய ஐரிஷ், இத்தாலிய, யூத மக்கள், கறுப்பின வாக்காளர்கள். தெற்கே அந்தக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிப் பக்கமே விடாத வெள்ளையர்கள். நம் ஊரில் இவர்கள் ஐந்து கட்சியாக இருந்திருப்பார்கள். 1964 குடிமை உரிமைச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்த விகிதம், சட்டத்தை நிறைவேற்றவைத்த அதிபர் ஜான்சனின் ஜனநாயகக் கட்சியில் இருந்ததைவிடக் குடியரசுக் கட்சியில் அதிகம். ஒரே கொடியின் கீழ் எதிரும் புதிருமாக வாக்களித்தார்கள். யார் பதவியும் போகவில்லை.

இங்கேதான் உண்மையான வேறுபாடு கிடக்கிறது. 2017ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூலை 28 அன்று விடியுமுன் வாஷிங்டனில் செனட் சபை கூடியிருந்தது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கவிழ்க்க அதிபர் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி கொண்டுவந்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. மூளையில் புற்றுநோய் கண்டிருந்த ஜான் மெக்கெய்ன் எழுந்து வந்து கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அவரும் அதே கட்சிப் பெண் உறுப்பினர்கள் இருவரும் எதிர்த்ததால் 49க்கு 51 என்று மசோதா தோற்றது. டிரம்ப் திட்டித் தீர்த்தார். மூவரின் பதவியையும் அவரால் தொட முடியவில்லை.

அதே வருடம், இரண்டு மாதம்கூடக் கழியவில்லை. சென்னையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 19 பேர், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபையில் கட்சிக்கு எதிராக ஒரு வாக்குகூடப் போடவில்லை. கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவே. செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் அவர்களில் பதினெட்டுப் பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அதில் ஒருவர் நிலக்கோட்டை உறுப்பினர் தங்கதுரை. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்து, 2019 ஏப்ரல் 18இல் இடைத்தேர்தல் நடந்தது. அதுவரை ஒன்றரை வருடத்துக்கு மேல் வத்தலக்குண்டுக்காரர்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. அந்தப் பதினெட்டுப் பேர் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ரிசார்ட்டில் போய்த் தங்கியவர்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் உத்தமனும் ஒன்றுதான், விலைபோனவனும் ஒன்றுதான். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டத்துக்குப் பிறகு நம் உறுப்பினர் தொகுதியின் ஆள் என்பதைவிடத் தலைமையின் ஆள். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கட்சிகளை இரண்டாகக் குறைத்தால் நமக்கு அமெரிக்கா கிடைக்காது. இரண்டு தலைமைகள் கிடைக்கும்.

மெக்கெய்னுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவருக்கு வேட்பாளர் தகுதியைக் கொடுத்தது கட்சித் தலைவர் இல்லை. அரிசோனா மாநிலத்து வாக்காளர்கள். முன்தேர்தல் என்று ஒன்றை அங்கே நடத்துகிறார்கள். கட்சிக்கு யார் வேட்பாளர் என்பதை, சாதாரண வாக்காளர்களே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை அதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். குளிர்கால இரவில் பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரிப்பவர்கள் போய் அந்த மூலையில் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். 15 விழுக்காடு சேராத மூலை கலைய, அந்த ஆட்களை மற்ற மூலைக்காரர்கள் 'இங்க வா, இங்க வா' என்று கூப்பிடுவார்கள். 2020இல் எண்ணிக்கையைக் குழப்பி முடிவு சொல்லவே நாள்கணக்கில் ஆக்கி நாறடித்ததும் உண்டு.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்வது ஒரு தாள். பி படிவம்; இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் சான்று. விருப்ப மனுவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, தலைமை அலுவலகத்தில் வரிசையில் நின்று, நேர்காணல் என்ற பெயரில் இரண்டு நிமிடம் கைகட்டி நின்றுவிட்டு வந்தவர்களில் யாருக்கு அந்தத் தாள் என்பது கடைசிவரை தெரியாது. வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியின் மேசைக்கு அது வந்தாக வேண்டும். கையெழுத்து மையில் போட்டதாக இருக்க வேண்டும், அச்சுக் கையெழுத்து செல்லாது. இவ்வளவு கறாராக விதி எழுதியவர்கள், அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் யாரைக் கேட்டுப் போட்டார் என்று ஒரு வரி எழுதவில்லை. நிலக்கோட்டைத் தொகுதியில் முப்பது வருடம் கொடி கட்டி, பூத் கமிட்டியில் உட்கார்ந்து, பூ மார்க்கெட்டில் கடைகடையாக நோட்டீஸ் கொடுத்தவனுக்கு வேட்பாளர் பெயர் தொலைக்காட்சியில்தான் தெரியவரும். உறுப்பினர் அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கும், வாக்கு இருக்காது.

அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. நியூயார்க்கின் டாமனி ஹால் என்ற கட்சிக் கும்பல் யாரைச் சொல்கிறதோ அவர்தான் வேட்பாளர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆளுநர் லா போலட் 1903இல் நேரடி முன்தேர்தலுக்குச் சட்டம் கொண்டுவந்து முதல் உடைப்பைப் போட்டார். அதிபர் வேட்பாளர் விஷயத்தில் 1968 வரைகூடப் பெருந்தலைகள்தான் முடிவு செய்தார்கள். அந்த வருடம் துணை அதிபர் ஹம்ப்ரி ஒரு முன்தேர்தலில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். அந்தக் கட்சியின் சிகாகோ மாநாட்டு வாசலில் ரத்தம் சிந்திய பிறகுதான் விதி மாறியது. மாறிய விதிப்படி நடந்த முதல் தேர்தல் 1972. நம் ஊரில் பொருளாளர் கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்ட அதே வருடம். தி.மு.க.வுக்குள் அன்று தொண்டர்கள் வாக்குப் போடும் பெட்டி ஒன்று இருந்திருந்தால், கருணாநிதியா எம்.ஜி.ஆரா என்பது அந்தப் பெட்டியில் தீர்ந்திருக்கும். பெட்டி இல்லை; ஆகவே திண்டுக்கல் தொகுதியே அந்தப் பெட்டியாக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் கட்சிகள் பெருகிய கதை பெரும்பாலும் இதுதான். உள்ளே கேட்க வழியில்லாதவன் வெளியே வந்து கொடி வாங்குகிறான். நோயைக் கேட்காமல் கொடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள் நம் நண்பர்கள்.

கதவு மூடியிருந்தால் அமெரிக்காவிலும் இதேதான் நடந்திருக்கிறது. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி தன்னைத் தனியார் சங்கம் என்று சொல்லிக்கொண்டு, வெள்ளையர் மட்டுமே முன்தேர்தலில் வாக்களிக்கலாம் என்று விதி வைத்திருந்தது. தெற்கே அன்று அந்தக் கட்சி வேட்பாளர் ஆனாலே வெற்றி. பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. ஆக கறுப்பினத்தவரின் வாக்கு எந்த இடத்தில் எண்ணப்பட வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் எண்ணப்படவில்லை. 1944இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை அடித்தது. அதற்குப் பிறகும் மிசிசிப்பி மாநிலக் கட்சியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாததால் 1964இல் பானி லூ ஹேமர் என்ற பருத்திக்காட்டுக் கூலிப்பெண்ணும் தோழர்களும் 'மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி' என்று தனியாகவே ஒன்றைத் தொடங்கி, ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டு வாசலில் போய் உரிமை கேட்டார்கள். மாநிலத்தின் மொத்த இடத்தையும் கேட்டவர்களுக்கு நீட்டப்பட்டது இரண்டே இரண்டு. அதை வாங்க மறுத்துவிட்டுத் திரும்பினார்கள். நிலக்கோட்டை தனித்தொகுதி. இங்கே புதிய தமிழகம் ஏன் வந்தது, விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஏன் கொடிக்கம்பம் முளைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு மிசிசிப்பி பதில் சொல்லும். தனித்தொகுதியில் நிற்பவரின் சாதியை அரசியல் சட்டம் முடிவு செய்கிறது. ஆளை முடிவு செய்வது பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர். அந்த மாவட்டச் செயலாளர் பெரும்பாலும் எந்தச் சாதியாக இருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. சிறிய கட்சி அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை போடுகிறது. அதையும் அடைத்துவிட்டால் 'முதிர்ந்த ஜனநாயகம்' வந்துவிடுமாம்.

நிலையான ஆட்சி என்ற வாதம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டே கட்சி உள்ள அமெரிக்காவில் 2018 டிசம்பரில் தொடங்கிய பட்ஜெட் சண்டையில் 35 நாள் அரசாங்கத்தின் ஒரு பகுதி பூட்டிக்கிடந்தது. 2023 ஜனவரியில் பிரதிநிதிகள் சபைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க 15 முறை வாக்கெடுப்பு நடத்தினார்கள். அப்படி வந்த மெக்கார்த்தியை அக்டோபரில் அவர் கட்சியின் எட்டுப் பேரே எதிர்க்கட்சியோடு சேர்ந்து இறக்கிவிட்டார்கள். இங்கே 2006இல் 96 இடம் மட்டுமே வைத்திருந்த தி.மு.க. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவோடு ஐந்து வருடத்தையும் முழுதாக ஓட்டியது. டில்லியில் வாஜ்பாயும் மன்மோகன் சிங்கும் கூட்டணி வைத்தே ஆண்டுக்கணக்கில் ஆட்சி நடத்தினார்கள்.

முன்தேர்தலை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அதில் பணம் ஆறாக ஓடுகிறது. வாக்களிக்க வருவது சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தின் தீவிரத்துக்குப் பயந்து நடுவில் நிற்பவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். 2016இல் கட்சிப் பெரியவர்கள் பலருக்கும் பிடிக்காத டிரம்ப் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தார். 2018இல் நியூயார்க்கில் பத்து முறை எம்.பி.யாக இருந்த கிரவுலி என்ற பெருந்தலையை, மதுக்கூடத்தில் பரிமாறும் வேலை பார்த்த 28 வயது ஒகாசியோ கோர்டெஸ் வீழ்த்தியதும் அதே வழியாகத்தான். நல்லதும் கெட்டதும் வரும். ஆனால் யார் வந்தாலும் வாக்காளரைக் கேட்டு வருகிறார்கள்.

லெட்டர் பேடு கட்சிகளை என்ன செய்வது? அதற்கு இரண்டு கட்சி ஆட்சிமுறை எதற்கு? 2019க்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து தூக்கியது. வரிவிலக்குக்காகப் பெயர்ப்பலகை மாட்டுகிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, செய்யட்டும். வாக்கு சிதறுகிறது என்கிறவர்கள், மெய்ன் மாதிரி வரிசைப்படி விருப்பம் குறிக்கும் முறையைக் கேட்கலாம். மூன்றாம் கட்சிக்குப் போட்ட வாக்கும் வீணாகாது. கட்சியை ஒழி என்று சொல்லத் தேவையே வராது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்தில் வேர்பிடித்த கட்சியின் சட்டவிதியிலேயே அமெரிக்க முன்தேர்தலுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று இருக்கிறது. அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதிவைத்தார்கள். 2022இல், அந்தப் பதவிக்கு நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று திருத்தினார்கள். 2023 மார்ச்சில் தேர்தல் நடந்தது, போட்டியின்றி முடிந்தது. தி.மு.க.வின் கதை வேறு மாதிரி என்று யாரும் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு கட்சி போதும் என்கிறவர்கள் அந்த ஆசையை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் தங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: போன தேர்தலில் நம் தொகுதி வேட்பாளருக்கு நீங்கள் வாக்குப் போட்டீர்களா, நான் போட்டேனா, யார் போட்டது? கட்சிகள் தம் உட்கட்சித் தேர்தலையும் வேட்பாளர் தேர்வையும் ஜனநாயக முறையில் நடத்தச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது 1999இல். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதற்கு இன்றுவரை ஒரு பிரிவு சேரவில்லை.